தேய்ந்த விரல்களுக்கும் ஒரு வழி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது, அதற்கு விரலடையாளம், கண், முகம் எல்லாம் பதிவார்கள் என்று கொஞ்சக் காலமாகவே செய்தி வந்துகொண்டிருக்கிறது. வரட்டும், நான் அதற்கு எதிரானவன் இல்லை. ஆனால் இவ்வளவு செய்திக்குள்ளும் ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. விரல் இருந்தும் ரேகை இல்லாத சனத்துக்கு என்ன வழி? எங்கள் வீட்டில் போன மாதம் நடந்ததைச் சொல்லித்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது, கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு 61 வயது. ஏழாலையில் தோட்டத்தை நம்பிச் சீவிக்கிறவர். சின்ன வயதிலிருந்து செம்பாட்டு மண்ணில் வெங்காயம் நட்டு, பிடுங்கி, தாள் அறுத்து, பிடி கட்டின கை. மகள் வெளிநாட்டில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கிறாள், தாய் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை. அதற்கான கடதாசி வேலைகளில் ஒன்றுக்காக ஓர் அலுவலகத்துக்கு விரலடையாளம் வைக்கக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை, அங்கே இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் நடந்தாள். "அம்மா, இன்னொருக்கா அழுத்துங்கோ" என்று எத்தனை தரம் சொன்னாள் என்று நான் எண்ணவில்லை. பெருவிரல் இல்லை, சுட்டுவிரல் இல்லை, லேஞ்சியால் துடைத்து வைத்தும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொரு தரமும் சிவப்பு வெளிச்சம். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போகுது, அக்காவுக்கு வியர்த்துக்கொட்டுகிறது, கடைசியில் "கையை நல்லாக் கழுவிப்போட்டு வேறொரு நாளைக்கு வாங்கோ" என்று அனுப்பினார்கள்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டு அக்கா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "தம்பி, கழுவிக் கழுவித்தானேடா இது தேய்ஞ்சது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏதோ களவு செய்து பிடிபட்டவர் மாதிரி வீடு வரும்வரை ஒரு கதையும் இல்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு சுட்டது என்றால், நான் 27 வருசம் ஒரு நொத்தாரிசிடம் இலிகிதராக இருந்தவன். காணி உறுதி எழுதுவதும் அதில் அடையாளம் வைப்பிப்பதும்தான் என் வேலை. எழுதத் தெரியாத எத்தனையோ பேரின் இடது பெருவிரலை என் கையால் பிடித்து மைத்தட்டில் ஒற்றிக் கடதாசியில் வைத்திருக்கிறேன். மை கூடினால் ரேகைகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளமெல்லாம் நிரம்பி ஒரு கறுப்புப் பொட்டுத்தான் விழும், குறைந்தால் பாதிதான் விழும், விரலை இழுத்தால் அப்பிவிடும். ஒருதரம் மெதுவாக ஒற்றி, அசைக்காமல் எடுக்க வேண்டும். எங்கள் ஊரில் "அவன் கைநாட்டு" என்று படிக்காதவர்களை இளக்காரமாகச் சொல்லுவார்கள், எனக்கு அந்தச் சொல் ஒருநாளும் பிடித்ததில்லை. கையெழுத்தைப் பார்த்து எழுதக் கெட்டிக்காரர் இருக்கிறார்கள், அதனால்தானே கள்ள உறுதிப் பிரச்சினை இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் தீரவில்லை, வெளிநாட்டில் இருக்கிறவர்களின் காணியை அவர்களுக்கே தெரியாமல் விற்றுவிடுகிறார்கள். பழைய உறுதியில் ஒழுங்காக விழுந்த ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தால் அதைப் பொய்யாக்குவது அவ்வளவு லேசு இல்லை.

சரி, இந்த ரேகையில் அப்படி என்னதான் இருக்கிறது? வாசிக்கிறவர்கள் கைபேசி வெளிச்சத்தில் உங்கள் பெருவிரலைச் சரித்துப் பாருங்கள். மூன்று வகைக்குள் ஒன்றாகத்தான் இருக்கும். நான் எனக்கு வசதியாக வைத்துக்கொண்ட பெயர்கள் கண்ணி, சுழி, வில். கண்ணி என்றால் ஒரு பக்கத்தால் வரும் கோடுகள் வளைந்து வந்த பக்கத்தாலேயே திரும்பிப் போகும், கயிற்றில் போட்ட சுருக்கு மாதிரி. மனிதருக்கு இருக்கும் ரேகைகளில் 60 முதல் 65 வீதம் இந்த வகைதான். சுழி என்றால் நடுவில் வட்டமாகச் சுற்றும், கேணித் தண்ணீரில் கல்லுப் போட்ட மாதிரி. இது 30 முதல் 35 வீதம். வில் என்பது ஒரு பக்கத்தால் வந்து நடுவில் கொஞ்சம் எழும்பி மற்றப் பக்கத்தால் போய்விடும், இது நூற்றுக்கு ஐந்து அளவில்தான். ரேகை பார்க்கிறவர்கள் சங்கு, சக்கரம் என்று சொல்லுவதும் இவற்றைத்தான், சக்கரம் என்றால் சுழி.

இந்த மூன்றுக்குள்ளும் பிரிவுகள் இருக்கின்றன. கண்ணியின் வாய் சுண்டுவிரல் பக்கம் திறந்தால் ஒரு வகை, பெருவிரல் பக்கம் திறந்தால் இன்னொரு வகை, பின்னது குறைவு. வில்லிலும் நடுவில் கூடாரக் கம்பு நட்ட மாதிரிச் செங்குத்தாக எழும்புவது ஒன்று இருக்கிறது. சுழியில் எனக்கு மிகவும் பிடித்தது இரட்டைக் கண்ணி. இரண்டு கண்ணி ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடக்கும், நாகதம்பிரான் கோயிலில் இரண்டு பாம்பு பின்னிய கல்லு இருக்குமே, அச்சாக அதே மாதிரி. மற்றப் பிரிவுகள் ஒன்றிலும் சேராத கலவைச் சுழியும் உண்டு. கோடுகள் மூன்று பக்கத்தால் வந்து சந்திக்கும் இடத்தை நான் முச்சந்தி என்று சொல்லுவேன். கண்ணிக்கு ஒரு முச்சந்தி, சுழிக்குப் பொதுவாக இரண்டு, வெறும் வில்லுக்கு ஒன்றுமில்லை. இந்த முச்சந்தியிலிருந்து நடுப்புள்ளி வரைக்கும் எத்தனை கோடு குறுக்கே வருகிறது என்று எண்ணுவதுதான் பழைய காலத்து நிபுணர்களின் வேலை.

ஆனால் வகையை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. சுழி உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். ஆளைக் காட்டுவது அதற்குள் இருக்கும் சின்ன விஷயங்கள். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று போய் வேலியில் முட்டி நிற்கும், ஒன்று இரண்டாகப் பிரியும், பிரிந்தது திரும்பச் சேர்ந்து நடுவில் ஒரு வளவை விட்டுப்போகும், ஒன்று எங்கேயும் தொடாமல் துண்டாக நிற்கும். விரலிலும் இதே கதைதான். எந்த இடத்தில் முட்டுகிறது, எந்த இடத்தில் பிரிகிறது, ஒன்றிலிருந்து மற்றது எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, இதைத்தான் நிபுணரும் பார்க்கிறார், அனேகமான இயந்திரங்களும் பார்க்கின்றன. அதனால்தான் ஒருவரின் பத்து விரலே ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒரே கருவில் பிரிந்த இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ரேகை வேறு வேறு.

தாயின் வயிற்றில் பத்தாவது கிழமை அளவில் கோடு விழத் தொடங்குகிறது, பிள்ளை பிறக்க மாதக்கணக்கு இருக்கும்போதே வடிவம் நிலைத்துவிடும், அதன் பிறகு சாகும்வரை அந்த அமைப்பு மாறாது, விரல் பெருக்கக் கோடும் சேர்ந்து பெருக்கும், அவ்வளவுதான். 2023இல் எடின்பரோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதை இன்னும் விளக்கமாகச் சொன்னார்கள். கோடுகள் விரல்நுனியில் மூன்று இடத்திலிருந்து அலை மாதிரிப் பரவுகிறதாம். நடுத்திட்டிலிருந்து ஒன்று, நகத்துக்குக் கீழிருந்து ஒன்று, மடிப்பிலிருந்து ஒன்று. எது முந்துகிறது, எங்கே சந்திக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வில்லா, கண்ணியா, சுழியா என்று ஆகிறது. இதை வாசித்த அன்றைக்கு அக்காவின் பேரப்பிள்ளையை நினைத்தேன். தாயின் வயிற்றுக்குள் அந்த மூன்று அலையும் சந்தித்துக் கோடு விழுந்து முடிந்திருக்கும், இங்கே அம்மம்மாவின் கோடு அழிந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிள்ளைகளின் பத்து விரலையும் பதிந்து, இவன் டொக்டராவான், இவளுக்குக் கணக்கு வராது என்று பெரிய வர்ணப் புத்தகம் அடித்துக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ரேகையை வைத்துப் புத்தியை அளக்கலாம் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது. பெற்றோர் தயவுசெய்து ஏமாறாதீர்கள், காசு போவதை விடப் பெரிய விஷயம், உங்கள் பிள்ளையின் பத்து விரலையும் யாரோ ஒருவரின் கணினியில் விட்டுவிட்டு வருகிறீர்கள்.

விரலடையாளம் என்றதும் எங்கள் சனத்துக்குப் பொலிஸ்தான் ஞாபகம் வரும். இது தொடங்கியதோ கள்ளனைப் பிடிக்க இல்லை. 1858இல் வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற இடத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, தெருவுக்குக் கல்லுப் போடும் ஒப்பந்தம் ஒன்றில், கொனாய் என்ற ஒப்பந்தக்காரரின் முழுக் கையையும் மையில் தோய்த்துப் பதிந்தார். பிறகு "இது என் கையெழுத்து இல்லை" என்று ஆள் சொல்லக்கூடாது, அதுதான் நோக்கம். ஆக இது பிறந்ததே எங்களைப் போன்ற உறுதி எழுதுகிற ஆட்களின் மேசையில்தான்! 1877 அளவில் ஹூக்ளியில் அவர் ஓய்வூதியம் வாங்குகிறவர்களிடமும் விரலடையாளம் எடுக்கத் தொடங்கினார், இறந்துபோனவரின் பெயரில் வேறு ஆட்கள் வந்து காசு வாங்கிக்கொண்டு போனதைத் தடுக்க. பிறகு 1880இல் ஜப்பானில் இருந்த ஹென்றி ஃபோல்ட்ஸ் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர், குற்றம் நடந்த இடத்து அடையாளத்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று நேச்சர் சஞ்சிகைக்கு எழுதினார். வெள்ளையடித்த சுவரில் இருந்த கரி அடையாளத்தை வைத்து, சந்தேகத்தில் பிடிபட்டவர் அந்த ஆள் இல்லை என்றும் அவர் காட்டியிருக்கிறார். அதாவது ரேகை ஆளை மாட்டுவதற்கு மட்டும் இல்லை, விடுவிக்கவும்தான். 1892இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கணக்குப் போட்டு, இரண்டு பேரின் ஒரு விரல் ரேகை ஒன்றாக இருக்க 6,400 கோடியில் ஒரு வாய்ப்பு என்று எழுதினார். அதே ஆண்டு ஆர்ஜென்டீனாவில், தன் இரண்டு பிள்ளைகளைக் கொன்றுவிட்டு வேறொருவர் மேல் பழி போட்ட தாய் ஒருவர், கதவில் இருந்த இரத்த அடையாளத்தால் பிடிபட்டார்.

ஆனால் இவ்வளவு அடையாளங்களையும் சேர்த்து வைத்தால் வேண்டியதை எப்படித் தேடுவது? அதற்கு வழி கண்டதில் பெரும் பங்கு கல்கத்தாவில் இருந்த இரண்டு வங்காளிகளுடையது, அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். ஒவ்வொரு விரலையும் சுழி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார். பத்து விரலுக்கும் இரண்டு இரண்டு என்று பெருக்கினால் 1,024 அறை வரும். அத்தனை அறையுள்ள அலுமாரியில் எந்த ஆளின் தாளையும் நேரே போய் எடுக்கலாம். கணினி இல்லாத காலத்தில் என்ன மூளை பாருங்கள்! 1897இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் வந்தது, 1901இல் லண்டன் பொலிஸ் தலைமையகமான ஸ்கொட்லாண்ட் யார்டுக்கும் அந்த முறையே போனது. பெயர் மட்டும் அவர்களுக்கு மேலே இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயர். இன்றைக்கும் ஹென்றி முறை என்றுதான் சொல்லுகிறார்கள், அந்த இரண்டு பேரின் பெயரையும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் நல்லது.

பொலிஸார் எடுக்கும் விதங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். விரலை நகத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் உருட்டி எடுப்பது ஒன்று, நான்கு விரலையும் ஒன்றாக நேரே அழுத்தி எடுப்பது மற்றது. உருட்டும்போது கையை நீங்கள் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, எடுக்கிறவர் போக்குக்குத் தளர்த்தி விட வேண்டும். குற்றம் நடந்த இடத்தில் கிடைப்பதும் மூன்று மாதிரி. மை, இரத்தம் மாதிரி ஏதாவது பட்டுக் கண்ணுக்குத் தெரிவது, சவர்க்காரம், மெழுகு மாதிரி மெத்தென்ற பொருளில் அழுந்திக் கிடப்பது, கண்ணுக்கே தெரியாமல் வியர்வையாலும் எண்ணெய்ப் பசையாலும் படிந்து கிடப்பது. மூன்றாவதற்குத்தான் தூள் போட்டுத் தூரிகையால் தட்டுகிறார்கள். கடதாசியில் என்றால் நின்ஹைட்ரின் என்ற இரசாயனம், வியர்வையில் இருக்கும் அமினோ அமிலத்தில் பட்டு ஊதா நிறமாக மாறும். அமினோ அமிலம் கடதாசிக்குள் ஊறி நின்றுவிடுவதால் பல வருசத்துக்குப் பிறகும் அடையாளம் எழும்புமாம். உறுதிக் கடதாசிகளோடு 27 வருசம் இருந்தவனுக்கு இதைக் கேட்டதும் மெய்சிலிர்த்தது, எத்தனை பேரின் கை அந்தத் தாள்களில் இன்னமும் இருக்கிறதோ.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சாதாரண ஆள் எத்தனை இடத்தில் விரல் வைக்க வேண்டியிருக்கிறது! 2015 ஆகஸ்ட் முதல் கடவுச்சீட்டுக்கு 16 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டவர்களின் விரலடையாளம் வேண்டும். கனடா விசாவுக்கு 14 முதல் 79 வயது வரை. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குப் பத்து விரலும், 12 வயதுக்குக் கீழே விலக்கு, 59 மாதத்துக்குள் திரும்ப விண்ணப்பித்தால் பொதுவாகப் பழைய பதிவையே எடுத்துக்கொள்வார்கள். அகதியாகப் போனவர்களுக்கு யூரோடக் என்ற சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை, தஞ்சம் கேட்கிறவர்களின் விரலடையாளத்தை ஐரோப்பிய நாடுகள் சேர்த்து வைக்கும் கணினிப் பதிவு அது. 2003 ஜனவரியிலிருந்து முதல் காலடி வைத்த நாட்டில் விரல் வைத்தால், அடுத்த நாட்டில் போய்த் தஞ்சம் கேட்டாலும் கணினி காட்டிக்கொடுத்துவிடும், திருப்பி அங்கேயே அனுப்புவார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே அந்தக் கதை இரண்டு வீட்டில் இருக்கிறது. இவற்றை விட அலுவலக வரவுப் பதிவு, கடைகளில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகளின் வரவு, அடுத்து அடையாள அட்டை.

இத்தனை இடத்திலும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது, எல்லாருக்கும் தெளிவான ரேகை இருக்கும் என்று. மேசையில் இருந்து எழுதுகிற ஆட்களுக்கு இருக்கும். மேசன் வேலை செய்கிறவரின் கையை ஒருநாள் பாருங்கள், சீமெந்தும் சுண்ணாம்பும் தோலை அரித்துவிடும். வலையில் நண்டு கழற்றும் பெண்கள், பனையோலையில் கடகமும் பெட்டியும் இழைக்கிறவர்கள், சுருட்டுச் சுற்றுகிறவர்கள், புகையிலைத் தோட்டத்தில் நிற்கிறவர்கள், வீடு வீடாகப் போய் உடுப்புத் தோய்க்கிறவர்கள், இவர்களின் கோடெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். வயது போனால் தோல் தளர்ந்து ரேகையின் உயரம் குறைகிறது, ஈரப்பசை காய்கிறது, காய்ந்த விரல் கண்ணாடியில் ஒட்டாது, இயந்திரத்துக்குப் படம் விழாது. நோயாளிகளும் இருக்கிறார்கள். கப்பசிட்டபைன் என்ற புற்றுநோய் மாத்திரை எடுத்ததால் ரேகை மங்கிப்போன சிங்கப்பூர் நோயாளி ஒருவரை 2008இல் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணித்தியாலம் மறித்து வைத்ததை அவருடைய வைத்தியரே மருத்துவச் சஞ்சிகையில் எழுதியிருந்தார். பிறப்பிலேயே ரேகை இல்லாத குடும்பங்களும் உலகத்தில் இருக்கின்றன, மிக அரிது, ஒரு மரபணு மாற்றத்தால் வருவது என்று 2011இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு வைத்தியர்கள் வைத்த பட்டப்பெயரே குடிவரவுத் தாமத நோய்.

தேய்மானத்தால் போன ரேகை அனேகமாகத் திரும்ப வரும். அதன் வேர் மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது, சில கிழமை கைக்கு ஓய்வு கொடுத்தால் பழைய வடிவத்திலேயே எழும்பும். ஆனால் நாட்கூலிக்குப் போகிறவரிடம் ஒரு மாதம் கையை வேலைக்கு வைக்காதே என்று யார் சொல்லுவது? அவசரத்துக்கு நான் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதல் நாள் இரவே கிறீம் பூசி ஊறவிடுங்கள், போகும்போது பூசாதீர்கள், வழுக்கும். அங்கே போய் விரல் காய்ந்திருந்தால் நெற்றியிலோ மூக்கின் பக்கத்திலோ ஒருதரம் தடவிவிட்டு வையுங்கள், அந்தப் பசையே போதும். பெலத்து அழுத்த வேண்டாம், அழுத்தினால் கோடு எல்லாம் நசிந்து ஒன்றாகும். பெருவிரலும் சுட்டுவிரலும்தான் கூடத் தேய்வது, மோதிர விரலையும் சுண்டுவிரலையும் வைத்துப் பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

இதைத் தனி ஆட்கள் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, முறையாகவே வைக்க வேண்டும். இந்தியாவில் ஆதார் வந்தபோது நடந்ததை நாங்கள் பார்த்தோம்தானே. ரேஷன் கடையில் விரல் பொருந்தவில்லை என்று முதியவர்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். பிறகுதான் ஒவ்வொருவருக்கும் எந்த விரல் நன்றாக விழுகிறது என்று முன்பே பார்த்து வைப்பதும், கருவிழி, முகம், கைபேசிக்கு வரும் இரகசிய இலக்கம் என்று மாற்று வழிகளும் வந்தன. எங்களுடைய திட்டமும் இந்திய உதவியோடுதான் நடக்கிறது, அங்கே பட்ட பாட்டை இங்கே முதலிலிருந்து படத் தேவையில்லை. பதிவு செய்யும் நாளிலேயே பத்து விரலையும் பார்த்து நல்ல இரண்டைக் குறித்துக் கொடுங்கள். பத்தும் விழாவிட்டால் கண்ணைப் பதிந்துவிட்டு, "இவருக்கு விரல் கேட்க வேண்டாம்" என்று அட்டையிலேயே குறிப்பு வையுங்கள், வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் திரும்பத் திரும்ப அதே அவமானத்தைப் படாமல் இருக்கட்டும். ஒருவரைத் திருப்பி அனுப்புவதென்றால் ஏன் அனுப்புகிறோம் என்று ஒரு துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இயந்திரம் கைவிட்டால் ஆளைத் தெரிந்த கிராம அலுவலரின் கடிதம் செல்ல வேண்டும். சிங்களம், தமிழ் இரண்டிலும் இது எழுத்தில் இருந்தால்தான் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பிள்ளைக்கும் துணிவு வரும்.

இன்னொன்று, பொருந்திவிட்டது என்று கணினி சொன்னால் அது தேவவாக்கும் இல்லை. 2004இல் மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு பையில் இருந்த ரேகை, அமெரிக்காவில் ஒறிகன் மாநிலத்தில் இருந்த பிரண்டன் மேஃபீல்ட் என்ற வழக்கறிஞருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்களே சொல்லி அவரை இரண்டு கிழமை அடைத்து வைத்தார்கள். ஸ்பெயின் பொலிஸார் அது வேறு ஆளுடையது என்று கண்டுபிடித்த பிறகு மன்னிப்புக் கேட்டு, 20 இலட்சம் டொலர் நட்டஈடும் கொடுத்தார்கள். அந்த நாட்டில் வழக்கறிஞருக்கே அந்த நிலை என்றால் எங்கள் ஊரில் கேட்பார் இல்லாத ஒரு பெடியனுக்கு என்னாகும் என்று யோசியுங்கள்.

பதிவு என்ற சொல்லே எங்கள் சனத்துக்குப் பழைய பயத்தைக் கிளப்பும், அதை அதிகாரிகள் விளங்கிக்கொள்ள வேண்டும். தென்னாபிரிக்காவில் 1906இல் டிரான்ஸ்வாலில் ஆசியக்காரர் எல்லாரும் விரலடையாளத்தோடு பதிய வேண்டும் என்று கட்டளை போட்டபோதுதான் காந்தியின் போராட்டமே தொடங்கியது. கட்டாயம் இல்லை, விரும்பிப் பதியலாம் என்ற உடன்பாட்டை நம்பி 1908 பெப்ரவரியில் அவர் பதியப் போனபோது சொந்தச் சனமே அவரை அடித்தது, கூடப் போன தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது. விரலைக் கேட்பது பிழையா சரியா என்பதை விட, என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்பதில்தான் சனத்தின் கோபம் இருந்தது. இங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விரலடையாளம், கண், முகம் மாதிரியான உயிரளவியல் தரவுக்குத் தனிக் கவனம் கொடுத்திருக்கிறார்கள், நல்லது. அப்படியென்றால் என் விரலை யார் வைத்திருப்பார், எவ்வளவு காலம், பொலிஸாருக்குக் கொடுப்பார்களா, கசிந்தால் என்ன செய்வார்கள் என்பதைப் பதிவு தொடங்க முதல் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பிரதேச செயலகச் சுவரிலும் ஒட்டுங்கள். வங்கி இரகசிய இலக்கம் களவு போனால் மாற்றலாம். விரலை எப்படி மாற்றுவது?

உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு நிருபரை அனுப்பி மேசன்மார், மீன்வாடியில் நிற்கும் பெண்கள், தோட்டக்காரர் இவர்களிடம் விரலடையாளம் வைக்கப் போய் என்ன நடந்தது என்று கேட்டுப் போடுங்கள். என் அக்கா மட்டும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள்.

அக்காவுக்கு அடுத்த கிழமை திரும்பவும் வரச்சொல்லியிருக்கிறார்கள். மூன்று கிழமையாகக் கையை மண்ணில் வைக்கவில்லை, வெங்காயத்துக்குக் கூலிக்கு ஆள் பிடித்து விட்டிருக்கிறோம். இரவில் நான்தான் கிறீம் பூசி விடுகிறேன். நேற்றுக் கைபேசி வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன், வலது மோதிர விரலில் மெல்லிசாகச் சுழி தெரியத் தொடங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவர்,
ஏழாலை.